சாதுவான நாய் எது என்று கேட்டாய்

1

கயல், இனியா, இது உங்கள் இரண்டு பேருக்கும் எழுதுவது. கயல் சத்தமாகப் படிக்க வேண்டும், இனியன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகிறது என்று அம்மா சொன்னாள். பரவாயில்லை. அவன் பெயர் வருகிற இடத்தில் மட்டும் அவனைப் படிக்கச் சொல்.

போன வெள்ளிக்கிழமை கயல் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாய். உன் தோழி நிஷாவின் வீட்டில் முதன்முதலாக நாய் வாங்கப் போகிறார்களாம். சின்னதாக, சாதுவாக எது நல்லது என்று அப்பா எழுதித் தர வேண்டுமாம். "பேசி அனுப்பாதீங்கப்பா, எழுதி அனுப்புங்க. அவங்க அப்பா எழுதுனாத்தான் நம்புவாரு" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. பத்தாவதோடு நின்றவன் எழுதினால் நம்புகிறவரும் ஊரில் இருக்கிறார்.

நான் துபாய் வந்து இந்த மாதத்தோடு பதினோரு வருடம் ஆகிறது. முதல் ஏழு வருடம் கட்டிட வேலை, அது உங்களுக்குத் தெரியும். பிறகு இந்த நாய் விடுதி. இங்கே இருப்பவர்கள் ஊருக்குப் போகும்போது நாயைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். குளிப்பாட்டுவது, முடி வெட்டுவது, நடத்திக்கொண்டு போவது, எது சாப்பிட்டது எது சாப்பிடவில்லை என்று தாளில் குறிப்பது என் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது நாயையாவது தொடுவேன். ஒன்றுகூட என்னுடையது இல்லை. பிங்கி நம் வீட்டுக்கு வரும்வரை, நாய் வளர்ப்பதில் நானும் நிஷாவின் அப்பா மாதிரி முதல்முறைக்காரன்தான்.

அவருக்கு வேண்டியது இரண்டாவது பகுதியில் இருக்கிறது. அந்தத் தாளை மட்டும் எடுத்துக் கொடு. மற்றது நமக்குள்.

2

நிஷாவின் அப்பாவுக்கு வணக்கம். நான் டாக்டர் இல்லைங்க, நாய் கழுவுகிறவன். கைக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம் ஊரில் சின்ன நாய் என்றாலே பொமரேனியன் என்பார்கள். நல்ல நாய்தான். ஆனால் பால்காரர் வந்தால் கத்தும், கேஸ் சிலிண்டர் வந்தால் கத்தும், அடுத்த தெருவுக்கு சிலிண்டர் வந்தாலும் கத்தும். பக் என்று சப்பை மூக்கு நாய் ஒன்று. பிள்ளைகள் மேல் பிரியமாக இருக்கும். ஆனால் அந்த மூக்கை வைத்துக்கொண்டு நம் சித்திரை வெயிலில் மூச்சு விட முடியாது, இங்கே ஏ.சி. போட்ட அறையிலேயே திணறுகிறது. சிவாவா உள்ளங்கை அளவுதான், நடுங்கிக்கொண்டே கடித்துவிடும். கவலியர் என்று ஒன்று இருக்கிறது. தொங்கு காது, பெரிய கண். சாது என்றால் அதுதான் சாது, திருடன் வந்தால் டார்ச் அடித்து வழி காட்டும். ஆனால் நம் பக்கம் கிடைப்பது கஷ்டம். அதற்கு இதயக் கோளாறு வருவதும் அதிகம் என்று இங்கே வருகிற டாக்டரம்மா சொல்வார்.

எங்கள் வீட்டுக்கு நான் எடுத்த பிங்கி ஷிட்ஸு வகை. அதற்கும் மூக்கு குட்டைதான், அதனால் பகல் வெயிலில் நடத்தக் கூடாது, ஃபேன் வேண்டும். முடியை மாதம் ஒருமுறை ஒட்ட வெட்டிவிட வேண்டும். கண்ணோரத்தைத் தினமும் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். இவ்வளவையும் செய்தால் அது உங்களிடம் வேறொன்றும் கேட்காது. நீங்கள் உட்கார்ந்த இடத்தில் காலோரம் படுத்துக்கொள்ளும்.

வகை பாதி, அந்த நாயின் சொந்த குணம் பாதி. குட்டி வாங்காதீர்கள். எப்படிப்பட்ட நாயாக வளரும் என்பது குட்டிக்கே தெரியாது. மூன்று நான்கு வயது ஆனதாக, யாராவது வளர்க்க முடியாமல் கொடுப்பதாக இருந்தால் பாருங்கள். குக்கர் விசிலடித்தால் என்ன செய்யும், தீபாவளிக்கு எங்கே போய் ஒளியும், சாப்பிடும்போது தட்டில் கை வைத்தால் உறுமுமா என்று கேளுங்கள். கேட்கிறோமே என்று கூச்சப்பட வேண்டாம்.

போய்ப் பார்க்கும்போது ஒன்று. மூலையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் நாயைப் பார்த்து, அடடா எவ்வளவு சாது என்று ஏமாறக் கூடாது. நாங்கள் ஆடு வளர்த்த குடும்பம். பட்டியில் ஒதுங்கி நிற்பது நோவு ஆடு என்று எங்களுக்குத் தெரியும். நாயிலும் அப்படித்தான். பயந்த நாயும் அசையாது. சாதுவான நாய் உங்களிடம் வரும், மோந்து பார்க்கும், பிறகு உங்களை விட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் கூப்பிடாதீர்கள், தூக்காதீர்கள், கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள். அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். எப்போது வருவது என்பதை அது முடிவு செய்யட்டும்.

வெங்காயம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், சாம்பாரில் கரைந்த வெங்காயம்கூட நாய்க்கு விஷம்.

கடைசியாக ஒன்று. வீட்டில் இருக்கிற எல்லோரிடமும் கேட்டுவிட்டு நாயைக் கொண்டுவாருங்கள். சின்னப் பிள்ளையிடமும் கேளுங்கள். ஏன் என்று சொன்னால் கதை நீளும்.

3

அந்த நீளமான கதையை உங்களுக்கு எழுதுகிறேன். நடந்தது உங்களுக்குத் தெரியும். என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று தெரியாது.

இனியன் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது, கறிக்கடை முக்கில் தெரு நாய் கடித்தது. இடது கால் ஆடுசதை. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நான் அப்போது கையில் சோப்பு நுரையோடு ஒரு நாயின் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். போன் அலமாரியில் இருந்தது. எடுத்துப் பார்த்தபோது அம்மாவிடமிருந்து வரிசையாக ஏழு தவறிய அழைப்புகள்.

ஊசி போட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் இனியனிடம் பேசினேன். அவன் அழுதுகொண்டிருந்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆம்பளப் புள்ள எதுக்கு அழுவுற? அது என்ன பெரிய கடியா? அப்பால்லாம் எத்தன கடி வாங்கிருக்கேன்." அவன் அழுகையை நிறுத்திவிட்டான். நான் தைரியம் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டான் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

அதிலிருந்துதான் அவன் போனில் 'ம்' மட்டும் சொல்ல ஆரம்பித்தான். சாப்பிட்டியா, ம். பள்ளிக்கூடம் போனியா, ம். அப்புறம் போன் அம்மா கைக்குப் போய்விடும். தெருவில் தனியாக நடக்க மாட்டான், நாயைப் பார்த்தால் கயலுக்கு மறுபக்கம் போய்விடுவான், பக்கத்துக் கடைக்குக்கூடப் போக மாட்டான் என்று அம்மா சொல்வாள். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நாற்பத்தைந்து நாள் வருகிற அப்பனால் என்ன செய்ய முடியும் என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்தது நாய்தான். சாதுவான ஒரு நாயைப் பக்கத்தில் வைத்துவிட்டால் பயம் போய்விடும் என்று நானே முடிவு கட்டினேன்.

இங்கே விடுப்புக்கு விண்ணப்பம் எழுதினால் காரணம் போட வேண்டும். கல்யாணம், சாவு, உடம்பு சரியில்லை என்று எல்லோரும் போடுவார்கள். நான் மறைக்கத் தெரியாமல் ஆங்கிலத்தில் 'நாய்' என்று எழுதிவிட்டேன். சூப்பர்வைசர் தாளை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். இங்கே இருக்கிற நாயெல்லாம் உனக்குப் போதவில்லையா என்று கேட்டார். பிறகு அவரே அதை அடித்துவிட்டு 'குடும்பம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

4

பிங்கி திருச்சியில் ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மாவின் நாய். அவர் மகளோடு இருக்க வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்தார். மூன்று வாரம் வீடியோவில் பேசினோம். நான் கேட்ட கேள்வியைவிட அவர் கேட்டது அதிகம். வீட்டுக்கு கேட் இருக்கிறதா, பகலில் யார் இருப்பார்கள், சனிக்கிழமை சைவம் என்றால் நாய்க்கும் சைவமா என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு கேட்டார். "வீட்டுல பிள்ளைங்க நாய்னா பயப்படுவாங்களா?" என்றும் கேட்டார். இல்லைங்க என்றேன். அது பொய்.

உங்களை ஏர்போர்ட்டுக்கு வர வேண்டாம் என்று சொன்னதற்கு அதுதான் காரணம். இறங்கியதும் நேராக டீச்சரம்மா வீட்டுக்குப் போனேன். அவர் காசு வேண்டாம் என்றார். சும்மா வாங்கின நாய் வீடு தங்காது என்று நம் பக்கம் சொல்வார்களே, அதனால் ஒரு பாக்கெட் பேரீச்சம்பழத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் பிங்கியைத் தூக்கினேன். பிங்கியை ஒயர் கூடையில் வைத்து, மேலே துண்டு போட்டுக்கொண்டு பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் துண்டைத் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணே, இது பொம்மையா, உசுரா?"

"நாய்ங்க."

"கத்துமா?"

"கத்தாதுங்க."

"கத்துனா ரெண்டு பேரும் பாடாலூர்ல எறங்கிக்கணும்" என்று சொல்லிவிட்டு எனக்கு மட்டும் டிக்கெட் கிழித்தார். பிங்கி கத்தவில்லை. பாடாலூர் தாண்டியதும் அவர் வந்து, வீட்டில் ஒன்று வளர்க்கலாமா என்று என்னிடம் விசாரித்தார்.

அன்று சாயங்காலம் பெட்டி பிரித்தோம். துபாயிலிருந்து வந்தவன் பெட்டி பிரிக்கிறான் என்றால் நம் வீட்டில் எப்படிக் கூட்டம் சேரும் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர்கள், எதிர்வீட்டு அக்கா, அரியலூரிலிருந்து அம்மாவின் தம்பியான உங்கள் மாமாவும் அத்தையும். கயிற்றை அறுத்து, சோப்பு, சென்ட், தைலம், போர்வை என்று ஒவ்வொன்றாக எடுத்து, இது இன்னாருக்கு, இது இன்னாருக்கு என்று கொடுத்தேன். இனியன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவன் எதிர்பார்த்தது ரிமோட் கார்.

எல்லாம் முடிந்ததும், "இனியா, கண்ண மூடு, கைய நீட்டு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். பின்னால் துண்டு போட்டு மறைத்து வைத்திருந்த கூடையிலிருந்து பிங்கியை எடுத்து அவன் கையில் வைத்தேன்.

அதன் பிறகு நடந்ததை எழுத மாட்டேன். அது அந்த அறையோடு போகட்டும் இனியா. அன்று அங்கே இருந்த யாரும் அதைப் பேசக் கூடாது என்று மறுநாளே ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

அவன் ஓடிப்போய் பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டான். பிங்கி ஒரு கொட்டாவி விட்டுவிட்டுப் போர்வை மேல் படுத்துக்கொண்டது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் கொண்டுவந்த எல்லாவற்றையும் மறுபடி பெட்டிக்குள் வைத்துக் கட்டிவிடலாம் போல இருந்தது.

5

மறுநாள் காலை பிங்கியைக் கொல்லைக் குழாயடியில் கட்டியிருந்தோம். இனியன் கட்டில் மேல் நின்றுகொண்டு கீழே காலை வைக்க மாட்டேன் என்றான். அம்மா கெஞ்சினாள். கயல் கெஞ்சினாய். நான் அறைக்குள் வந்தேன்.

வேலையில் எனக்கு ஒரு குரல் இருக்கிறது. சத்தமாக இருக்காது. ஒரே ஒரு சொல், அடிவயிற்றிலிருந்து, கூடவே உள்ளங்கையைக் காட்ட வேண்டும். பெரிய பெரிய நாயெல்லாம் அதற்கு அடங்கும். நான்கு வருடமாக ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தக் குரலில் பேசுகிறவன். நான் நினைத்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. "டவுன்" என்றேன். அவன் இறங்கினான். "சிட்" என்றேன். உட்கார்ந்தான். முதுகு நேராக, இரண்டு கையும் முட்டி மேல்.

ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, பையன் சொன்ன பேச்சைக் கேட்கிறான் என்று.

கயல், நீதான் கேட்டாய். "அப்பா, அவன் என்ன நாயா?"

அப்போதுதான் அவனைச் சரியாகப் பார்த்தேன். அசையாமல் இருந்தான். நிஷாவின் அப்பாவுக்கு மேலே எழுதியிருக்கிறேனே, அந்த அசையாமை. நாயிடம் அதைப் பார்த்தால் எனக்கு உடனே தெரிந்துவிடும். என் பிள்ளையிடம் தெரிந்துகொள்ள நீ சொல்ல வேண்டியிருந்தது.

அன்று மதியமே அவன் மாமாவின் பைக்கில் ஏறி அரியலூர் போய்விட்டான். நாய் போனால்தான் வருவேன் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறான். விளக்கு வைத்த பிறகு அம்மா, "ஏங்க, நீங்க வர்றதே நாப்பத்தஞ்சு நாளு. அதுலயும் புள்ள வேற வூட்ல இருந்தா, நீங்க யாரப் பாக்க வந்தீங்க?" என்றாள். டீச்சரம்மாவுக்குப் போன் போட்டேன். போன் அணைந்திருந்தது, அவர் விமானம் ஏறிவிட்டார். நாயைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை.

6

அடுத்த நாள் அரியலூர் போனேன். கூப்பிட்டேன், வரவில்லை. மாமா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினான். இனியன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். தூக்கப் போனேன், உடம்பை மரக்கட்டையாக்கிக்கொண்டான். விட்டுவிட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரு நாயின் நினைவு வந்தது. இரண்டு வருடம் முன்பு விடுதிக்கு வந்த கறுப்பு நாய். விட்டுவிட்டுப் போனவர்களைத் தேடிக்கொண்டு மூன்று நாள் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. நான் தினமும் அதன் கூண்டுக்குள் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்து, தாளில் கணக்கு எழுதிக்கொண்டிருப்பேன். நான்காம் நாள் அதன் மூக்கு வந்து என் முழங்கையைத் தொட்டது. அதுவரை திரும்பிப் பார்க்கக் கூடாது, அதுதான் கஷ்டம்.

யாரோ ஒருவருடைய நாய்க்கு நான்கு நாள் பொறுத்திருந்தவன், என் பிள்ளைக்கு ஒரு நாள்கூடப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் வாசலிலேயே அவனைத் தூக்கி, முகத்தோடு முகம் வைத்து, அப்பா யாருன்னு சொல்லு, சொல்லு என்று உலுக்கியிருக்கிறேன்.

மறுநாளும் போனேன். இந்தத் தடவை கூப்பிடவில்லை. மாமாவின் சிமெண்ட் லாரி வாசலில் நின்றது. அதன் நிழலில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். சும்மா உட்கார முடியாதே. அத்தை முருங்கைக்கீரை ஒடித்து வைத்திருந்தாள், வாங்கி உருவ ஆரம்பித்தேன்.

மாமா வெளியே வந்து பார்த்தான். "என்ன மாமா, துபாய்லேருந்து கீரை உருவவா வந்தீங்க? தெருவுல போறவன் என்னயத் திட்டுவான்."

"நீ போ மாப்ள" என்றேன்.

மூன்று நாள் அப்படியே போய் உட்கார்ந்தேன். காலை பஸ்ஸில் போவது, மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது. அந்த வாரம் மாமா வீட்டில் தினமும் முருங்கைக்கீரைதான். "போதும் மாமா, வயிறு தாங்கல" என்று மாமா கையெடுத்துக் கும்பிட்டான். இரண்டாம் நாள் கதவுக்குப் பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது. மூன்றாம் நாள் லாரியின் பின்சக்கரம் வரை வந்துவிட்டுப் போனது.

நான்காம் நாள் குரல் வந்தது.

"எதுக்கு அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருக்க?"

நான் திரும்பவில்லை. "திரும்புனா நீ பயப்படுவியேன்னு."

லாரிச் சக்கரத்தைக் காலால் உதைக்கும் சத்தம் வந்தது. பிறகு கேட்டான். "அது கடிக்குமா?"

கடிக்கவே கடிக்காது கண்ணு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எந்த அப்பனும் அதைத்தான் சொல்வான். ஆனால் டீச்சரம்மாவிடம் ஒரு பொய் சொல்லித்தான் இவ்வளவும் வந்தது.

"வாய் இருக்குற எதுவும் கடிக்கலாம் இனியா. இது இதுவரைக்கும் யாரையும் கடிச்சதில்ல. நாளைக்கும் கடிக்காதுன்னு நான் எப்புடிச் சத்தியம் பண்றது?"

"அப்ப ஏன் எங்கிட்டக் கேக்காமக் கொண்டாந்த?"

"தப்புதான்" என்றேன்.

அவன் வந்து எனக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு கொத்துக் கீரையை எடுத்தான். காம்போடு காம்பாக உருவிப் போட்டான். அதையும் என் கீரையோடு சேர்த்துக்கொண்டேன். கீரை முடிந்ததும், தான் வருவதற்கு என்னென்ன வேண்டும் என்று விரல் மடக்கிச் சொன்னான். நாயைக் கட்டி வைக்க வேண்டும். அவன் கட்டில் மேல் இருப்பான். அப்பா இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் உட்கார வேண்டும். இனி 'சிட்' சொல்லக் கூடாது.

கடைசியில் சொன்னதை அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்.

7

அவன் இல்லாத நாட்களில் வீட்டில் வேறொன்று நடந்திருந்தது. நாய் வாசல்படி தாண்டி உள்ளே வரக் கூடாது என்று முதல் நாளே சட்டம் போட்ட அம்மா, நான் அரியலூர் போயிருந்த நேரத்தில் பிங்கிக்கு சாம்பார் சாதம் பிசைந்து வைத்திருக்கிறாள். செட்டிகுளத்துச் சின்ன வெங்காயம் போட்ட சாம்பார். நல்ல வேளை, அது வாயை வைப்பதற்குள் வந்துவிட்டேன். வெங்காயம் நாய்க்கு விஷம் என்று தட்டை எடுத்தேன். அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏங்க, ஆசயா ஒரு நாளு சோறு வச்சேன். அதுவும் குத்தமா? வெங்காயம் போடாம அது என்னங்க சாம்பாரு?" என்றாள். அன்றிலிருந்து பிங்கிக்குத் தனி அடுப்பு மாதிரி ஆகிவிட்டது. நாய் வாசல்படி தாண்டி வந்தது எந்த நாள் என்று இதுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

இனியன் வந்தான். சொன்னபடி நடுவில் உட்கார்ந்தேன். முதல் இரண்டு நாள் அவன் கட்டிலிலேயே லீவுக்குக் கொடுத்த வீட்டுப்பாடம் எழுதினான். நான் சொல்லிக் கொடுத்தபடி பிங்கியின் கண்ணைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு காலைக் கீழே தொங்கப் போட்டான். அவனாகத்தான். பிங்கி எழுந்து கயிறு எட்டும் வரை வந்தது, குதிகாலை மோந்து பார்த்தது, திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. அவன் காலை எடுக்கவில்லை. என் சட்டைக் காலரைத்தான் பின்னாலிருந்து இறுகப் பிடித்திருந்தான்.

"போயிருச்சே" என்றான், கொஞ்சம் ஏமாந்த குரலில்.

நாயைக் கட்டிக்கொண்டு தூங்கினான், பயமெல்லாம் பறந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. என் விடுப்பு முடிகிற வாரத்தில் துடைப்பக் கட்டையால் தண்ணீர்க் கிண்ணத்தைத் தள்ளித் தள்ளி பிங்கி பக்கம் கொண்டுபோனான், அவ்வளவுதான். கறிக்கடை முக்கில் இன்னமும் கயலுக்கு மறுபக்கம்தான் போகிறான். போகட்டும். கயல், நீ அவனைக் கேலி செய்யாமல் இருக்கிறாய், அது எனக்குத் தெரியும்.

கிளம்பும் நாளில் அவன் எப்போதும் எங்காவது ஒளிந்துகொள்வான். இந்த முறை பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான். திருச்சி பஸ் நிற்கிற இடத்தில் நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவன் என் பக்கம் திரும்பாமல், எனக்கு முதுகைக் காட்டி, பெட்டி மேல் உட்கார்ந்து முறுக்கு தின்றான். கயலும் அம்மாவும் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தீர்கள். நான் அவனைத் தொடவில்லை. இரண்டு முறுக்கு முடிந்த பிறகு அவன் முதுகு மெதுவாகச் சாய்ந்து என் முட்டியில் வந்து நின்றது. ஒரு பஸ் வந்தது, கூட்டம் என்று சொல்லி அதை விட்டுவிட்டேன். அதில் கூட்டம் இல்லை. அடுத்த பஸ்ஸில்தான் ஏறினேன்.

8

இதோடு முடித்து அனுப்பலாம் என்று இருந்தேன். ஆனால் நேற்று இனியனிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அம்மா சொல்லிக் கொடுத்து அனுப்பியது இல்லை. பின்னால் யார் சத்தமும் இல்லை. அவனாக அனுப்பிய முதல் பதிவு, ஒன்பது விநாடி. "அப்பா, நீ அங்க தனியாத்தான் இருக்க. ஒனக்கு எதாச்சும் பயம் இருக்கா?"

அதற்கு நான் அனுப்பிய பதிலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதற்கு முன் நடந்தது உங்களுக்குத் தெரியாது.

மதியம் நாய்கள் எல்லாம் தூங்குகிற நேரம். துண்டு காயப்போடும் மொட்டைமாடிக்குப் போனேன். போனில் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அப்பாவுக்கு என்னடா பயம்" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தேன். பாதியில் விரலை இடது பக்கம் இழுத்து அழித்துவிட்டேன். இரண்டாவது முறை, வேலையில் கொஞ்சம் பயம் உண்டு, அதெல்லாம் பழகிவிடும் என்றேன். அதையும் அழித்தேன். மூன்றாவது முறை விரலை வைத்தேன். துண்டு காற்றில் படபடக்கிற சத்தம் மட்டும் பதிவானது. அதையும் அழித்தேன்.

கீழே யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. நான்காவது முறை விரலை வைத்து, "இருக்கு இனியா" என்றேன். "ஒன்ன நாய் கடிச்ச அன்னிக்கி அப்பா ரொம்பப் பயந்துட்டேன். இங்கேருந்து ஓடி வர முடியலையேன்னு போன் அலமாரி பக்கத்துலயே உக்காந்துட்டேன். நீ அழுவுறதக் கேக்க முடியாமத்தான் ஒன்ன அழாதன்னு சொன்னேன்."

விரலை எடுத்தேன். பதிவு போய்விட்டது.